முதுகுக்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை

கச்சேரிக்கு வருகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. பாட்டு சூடு பிடித்ததும் எழுந்து ஆடுகிற கட்சி ஒன்று. காசு கொடுத்து வாங்கிய நாற்காலியை விட்டு அசையமாட்டேன் என்கிற கட்சி இன்னொன்று. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லையே. நடுவில் மாட்டிக்கொண்டு, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று பிழைப்பு நடத்துகிறவர் டார்ச் அக்கா.

நகரத்தின் பெரிய அரங்கில் ஆட்களை அவரவர் இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைப்பது அவர் வேலை. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் விரல் நீளத்துக்கு ஒரு டார்ச். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. வாசல் காவலாளி முதல் மேடைக்கு விளக்குப் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் டார்ச் அக்காதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுந்து ஆடிய ஒருவரின் முகத்தில் வெளிச்சத்தை அடித்துவிட்டு, அவர் வாயால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து முகத்துக்கு அடிப்பதில்லை, செருப்புக்குத்தான். ஆடுகிற காலின் மேல் திடீரென்று வெளிச்சம் விழுந்தால் எப்பேர்ப்பட்ட சூரனுக்கும் கூச்சம் வந்துவிடும். முக்கால்வாசிப் பேர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். மிச்சம் மீதி இருப்பவர்களிடம் குனிந்து, "பின்னாடி இருக்கறவங்க உங்க முதுகுக்கு டிக்கெட் வாங்கலீங்க" என்பார். சிரித்துக்கொண்டே உட்காருவார்கள். சிரிக்காதவர்களும் உட்காருவார்கள்.

ஆயிரம் பேரை உட்கார வைக்கத் தெரிந்தவருக்கு, வீட்டில் ஒரே ஒரு ஆளை எழுப்ப முடியவில்லை.

அந்த ஒரு ஆள் அவருடைய கணவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்றைக்குக் கூடத்து சோபாவில் உட்கார்ந்தவர்தான். சாப்பாடு, செய்தித்தாள், டிவி, தூக்கம் எல்லாம் அங்கேயே. "எழுந்து தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்களேன்" என்றால், "ஊரையே உட்கார வச்சுட்டு இத்தனை வருஷம் நான் நின்னேன். இப்ப என் முறை" என்பார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. ஒருநாள் அக்கா ரிமோட்டை அலமாரி மேல் ஒளித்து வைத்துப் பார்த்தார். எழுந்து தேடுவார் என்று நினைப்பு. "இருக்கட்டும், இந்தச் சேனலும் நல்லாத்தான் இருக்கு" என்று விவசாய நிகழ்ச்சியைச் சாயங்காலம் வரை பார்த்தார் மனிதர்.

சிரிப்பாகத்தான் இருந்தது, டாக்டரிடம் போகும் வரை. சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, கால் வீங்குகிறது, இப்படியே உட்கார்ந்திருந்தால் அப்புறம் நினைத்தாலும் எழுந்து நடக்க முடியாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். கணவர் தலையாட்டினார், வீட்டுக்கு வந்தார், உட்கார்ந்தார். அக்காவுக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து கதவைத் திறக்கும்போதெல்லாம், இந்த மனுஷன் இந்த சோபாவோடே முடிந்துபோவாரோ என்று முதலில் சோபா பக்கம்தான் பார்ப்பார்.

அப்போதுதான் அந்தப் பழைய இசைக்குழு அரங்குக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. கணவர் வேலை பார்த்த பஸ்ஸில் டிரைவர் ஓயாமல் போட்டுத் தேய்த்த கேசட் அவர்களுடையது. ஊழியர்களுக்கு ஒரு இலவச டிக்கெட் உண்டு. அக்கா அதை அவர் முன்னால் நீட்டினார்.

"உட்கார்ந்துதானே கேட்கணும்?" என்று கேட்டார் கணவர்.

"உட்கார்ந்துதான் கேட்கணும். எழுந்தா நானே வந்து உட்கார வைப்பேன்."

"அப்ப சரி, வர்றேன்."

அக்கா செய்த தவறு, இருக்கை தேர்ந்தெடுத்ததில். ஓர இருக்கை கொடுத்தால் பாதியில் நழுவி வீட்டுக்குப் போய்விடுவார் என்று, நடு வரிசையில் நட்டநடுவாகப் பார்த்து வாங்கியிருந்தார். இந்தப் பக்கம் பத்து முழங்கால், அந்தப் பக்கம் பத்து முழங்கால். தப்பிக்க வழியே கிடையாது.

முதல் சில பாட்டுகளுக்குக் கணவர் கையைக் கட்டிக்கொண்டு, வீட்டு சோபாவில் இருப்பது போலவே இருந்தார். பிறகு மேளக்காரர் தனியாக ஒரு தாளத்தைத் தொடங்கினார். கடைசி டிரிப்பில், கூட்டம் வழிகிற நேரத்தில், டிரைவர் சத்தத்தைக் கூட்டி வைக்கிற பாட்டு அது. கணவர் எழுந்துவிட்டார்.

அவர் ஆடியதைச் சொல்ல வேண்டும். காலை அகட்டி வைத்து, முழங்காலைத் தளர விட்டு, ஒரு கையை உயர்த்தி, தலைக்கு மேலே கம்பி இருப்பது போலப் பிடித்துக்கொண்டார். தாளம் திரும்புகிற இடத்தில், வண்டி வளைவில் திரும்புவது போல உடம்பு முழுசாக இடது பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. பிரேக் போட்டது போல ஒரு குலுங்கல். மறுபடி வலது பக்கம். ஓரத்தில் நின்று பார்த்த அக்காவுக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தாங்கவில்லை. எழுந்துட்டாரே, என் மகராசன் எழுந்துட்டாரே!

அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. அவருக்கு நேர் பின்னால் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு அம்மா இருந்தார். "ஐயா, நான் எழுந்து நின்னு பார்க்க முடியாதுங்க" என்று அவர் சொன்னது மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. ஒருத்தர் எழுந்ததைப் பார்த்து அங்கங்கே இன்னும் நாலு பேர், பத்து பேர் எழுந்தார்கள். "உட்காருய்யா!" என்றது ஒரு கட்சி. "ஆடத்தானே வந்தோம்!" என்றது மறு கட்சி. அக்காவின் காதில் மாட்டியிருந்த கருவியில் சூப்பர்வைசர் கத்தினார். "அக்கா, நடு வரிசையில ஒரு பெரியவர்தான் ஆரம்பிச்சு வச்சார். முதல்ல அவரை உட்கார வைங்க!"

அந்தப் பெரியவர் யாரென்று சூப்பர்வைசருக்குத் தெரியாது.

அக்கா முழங்கால்களைத் தாண்டித் தாண்டி நடு வரிசைக்குள் போனார். வேலை என்று வந்துவிட்டால் வீட்டுக்காரரும் ஆள்தான். கணவரின் செருப்பின் மேல் வெளிச்சத்தை அடித்தார்.

கணவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் சட்டென்று போய்விட்டது. உயர்ந்திருந்த கை இறங்கியது. "சரிம்மா, சரி" என்று முனகிக்கொண்டே முழங்காலை மடக்கினார். அந்த முழங்கால் மடங்குவதைப் பார்க்க அக்காவால் முடியவில்லை. இப்போது உட்கார்ந்தால் இந்த ஜன்மத்தில் இவர் எழமாட்டார்.

"உட்காராதீங்க!" என்று முழங்கையைப் பிடித்து இழுத்தார். இந்த வேலையில் அவர் யாரிடமும் சொல்லியிராத வார்த்தை. "கடைசி வரிசைக்குப் பின்னாடி இடம் காலியாக் கிடக்கு. அங்க வந்து ஆடுங்க. இங்க இந்த அம்மாவுக்கு மறைக்குது."

கணவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஊழியர்கள் நிற்பதற்காக விட்டிருந்த அகலமான இடம், ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. இங்கேயோ நடுவில் நின்று ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கண்டக்டரின் கண்ணுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் கிடையாது.

"பின்னாடி இடம் காலியா இருக்கு!" என்று ஒரு குரல் கொடுத்தார். இன்ஜின் சத்தத்தோடு போட்டி போட்டு வளர்ந்த குரல், மேளம் எந்த மூலைக்கு? "நடுவுல நிக்காதீங்க! நிக்கறவங்க எல்லாம் பின்னாடி போங்க! போங்க, போங்க! உட்கார்ந்திருக்கறவங்க காலை மிதிக்காம போங்க!"

அரங்கத்து ஒலிபெருக்கி நயமாகச் சொன்னால் கேட்காத ஜனங்கள், இந்தக் குரலுக்குக் கேட்டார்கள். என்றைக்கோ பஸ்ஸில் இடிபட்ட உடம்புதானே எல்லோருக்கும். தானாக நகர்ந்தார்கள். ஆடாமல் அமைதியாக இருந்த ஒருவர்கூடப் பயந்துபோய் எழுந்தார். "நீங்க இல்ல சார், நீங்க உட்காருங்க" என்று அவரை அமர்த்திவிட்டு, கடைசி ஆளாகக் கணவர் பின்னால் போய்ச் சேர்ந்தார். மாவுக்கட்டு அம்மாவுக்கு மேடை முழுசாகத் தெரிந்தது. அவர் உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கி ஆடத் தொடங்கினார்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யாருக்கா அவரு?"

"எங்க வீட்டுக்காரர்."

சூப்பர்வைசர் முன்னால் பார்த்தார், சண்டை இல்லை. பின்னால் பார்த்தார், ஒரு கூட்டமே கையை உயர்த்தி, இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. "வாசலை மட்டும் மறைக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்று போய்விட்டார்.

பாட்டு முடிந்தபோது கணவர் வியர்வையில் குளித்திருந்தார். சுவரில் ஒரு கையை ஊன்றி மூச்சு வாங்கினார். அக்காவுக்குப் பதறிவிட்டது.

"கால் வலிக்குதா?"

"வலிக்குதும்மா" என்றார் அவர், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி. "நல்லாவே வலிக்குது."

"போதும், வந்து கொஞ்சம் உட்காருங்க." தன் வாயிலிருந்து, அதுவும் இந்த மனிதரிடம், இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அக்கா கனவில்கூட நினைத்ததில்லை.

மேடையில் அடுத்த பாட்டுக்கு மேளம் விழுந்தது.

"அட போம்மா, வண்டி இப்பத்தான் கிளம்புது" என்று கையை உயர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.