என் இன்ட்ரோவில் மூன்று தொம்

நான்கு நாள் உட்கார்ந்து நான் செய்த இன்ட்ரோவின் கடைசியில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், 'தொம் தொம் தொம்' என்று மூன்று அடியைச் சேர்த்து வைத்தார் என் மாமா. ஆறாம் வகுப்பில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. விசேஷங்களுக்கு வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா அவருடையது. ஆர்கெஸ்ட்ரா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கீபோர்டு, அதை வாசிக்க மாமா, பாட என் அப்பா. இடது கையால் இரண்டு மூன்று கட்டையைச் சேர்த்து அமுக்கிக் கார்டைப் பிடித்தால் போதும், டிரம், பேஸ், கிட்டார் எல்லாம் அந்தக் கீபோர்டே வாசித்துக்கொண்டு போகும். இன்ட்ரோ பட்டனை அமுக்கினால் பாட்டுக்கு முன்னால் நாலு சுற்று இசை வரும், அது முடிந்த இடத்தில் பாடுகிறவர் பாட்டை எடுத்துவிட வேண்டும். மனுஷன் வாசித்தால் பாடகருக்காகக் கொஞ்சம் இழுப்பான், மிஷின் இழுக்காது. கீபோர்டோடு வருகிற இன்ட்ரோ எல்லாம் வெள்ளைக்காரன் டான்ஸுக்குத்தான் லாயக்கு. நம்ம பாட்டுக்கு நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

அப்பா எந்த விசேஷத்திலும் முதலில் பாடுவது ஒரு பழைய தாலாட்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாடுவார், பக்தி என்று நினைத்திருந்தேன். அதற்கு இன்ட்ரோ செய்யும் வேலையை மாமா என்னிடம் விட்டார். புல்லாங்குழலில் தொடங்கி மேலே மேலே போய், கடைசிச் சுற்றில் சின்ன மணிகள் மட்டும் மெல்ல உதிர்வதுபோல் செய்தேன். அப்பா வேலை விட்டு வந்ததும் வாசித்துக் காட்டினேன். மேசைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என் விரல்களையே பார்த்தார். "நல்லாருக்குது பாப்பா" என்றார். மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் போட்டுப் பார்த்தால் என் மணிகளின் தலையில் உலக்கையைப் போட்ட மாதிரி அந்த மூன்று தொம்.

"மாமா, அத்த எடு. அசிங்கமா இருக்குது."

"இருக்கட்டும்."

"ஏன்?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்."

இது என்ன பதில்? அம்மாவிடம் போனேன். உன் வேலையைப் பார் என்றாள். அதுதானே என் வேலை. அப்பாவிடம் போனேன். தெருவே கேட்கிற மாதிரி டிவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்று வழக்கை முழுசாகச் சொல்லி முடித்தேன். சிரித்துக்கொண்டே "சரி சரி" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான். ஜாமெட்ரி பாக்ஸ் கேட்டபோதும் சரி என்றார், பாக்ஸ் வரவே இல்லை.

ஆகவே நியாயத்தை நானே எடுத்துக்கொண்டேன். தவளக்குப்பத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு. காலையில் மாமா குட்டியானை வண்டியில் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கீபோர்டைப் போட்டு, அந்த மூன்று அடியையும் அழித்து, பழையதன் மேலேயே சேவ் செய்தேன்.

மேடையில் அப்பா செருப்பைக் கழற்றினார், மைக்கைப் பிடித்தார். மாமா பட்டனை அமுக்கினார். என் குழல் போனது, என் மணிகள் உதிர்ந்தன, மண்டபமே அமைதியானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்ட்ரோ முடிந்து தாளமும் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்பா இன்னும் சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு சுற்று போன பிறகு ஜனங்களின் முகத்தைப் பார்த்து அவசரமாக எடுத்தார், அது தப்பான இடம். மாமா நிறுத்தி மறுபடி போட்டார், இந்தத் தடவை தலையை ஆட்டிக் காட்டினார். அந்தத் தலையாட்டலையும் அப்பா தப்பாகப் புரிந்துகொண்டு மணிகளுக்கு நடுவிலேயே பாட ஆரம்பித்தார். "பாட்டுக்காரருக்குப் பாட்டே மறந்துபோச்சிடா" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது தடவை மாமாவே பாடினார். அப்பா கீழே இறங்கி செருப்பை மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் மேடையில் பாடவில்லை.

திரும்பி வரும்போது பின்னால் ஸ்பீக்கரோடு நானும் மாமாவும் இருந்தோம். அறை விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. அதனால் நானே சண்டையைத் தொடங்கினேன். "அது இல்லாமதான் நல்லாருந்துச்சி."

"நல்லாதான் இருந்துச்சி. யாருக்குக் கேட்டுச்சி?"

"எல்லாருக்குந்தான்" என்றேன் விறைப்பாக.

நான் காலேஜ் போன பிறகுதான் அம்மா சொன்னாள். அப்பா முதலில் வேலை பார்த்த மில்லில் தறிச் சத்தம், மில்லை மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் தகடு அடிக்கிற பிரஸ்ஸின் சத்தம். காதில் வைக்க ஒரு துண்டுப் பஞ்சுகூடக் கொடுக்காத முதலாளிகள். அப்பாவின் காதுக்கு மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயினவாம், குழலும் மணியும். கனத்த அடி மட்டும் மேடைப் பலகை வழியாக வெறுங்காலுக்கு வரும். வெளியே தெரிந்தால் பிரஸ்ஸிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், பாடவும் கூப்பிட மாட்டார்கள் என்று மூன்று பேரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். முதலாளியிடம் மறைக்கட்டும், ஊரிடம் மறைக்கட்டும். என்னிடம் எதற்கு மறைத்தார்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று தொம் என்ன, முப்பது தொம் நானே போட்டிருப்பேனே. அழித்தது நான்தான் என்று மாமா கடைசிவரை அப்பாவிடம் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

மஞ்சள் நீராட்டு நடந்த அந்த வாரமே அப்பா என்னைக் கூப்பிட்டு அந்த இன்ட்ரோவை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மேசைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மணிகள் உதிர்ந்து அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முடிஞ்சிதா பாப்பா?" என்றார்.

நான்கு நாள் உழைப்பை இப்படிக் கிண்டல் செய்கிறாரே என்று எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டை அணைத்துவிட்டு எழுந்து போனேன். இரண்டு நாள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதைக்கூட அவர் கண்டுகொள்ளவில்லை என்று, அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.