ஒரு கடனுக்கு மூன்று கடிதம்

ஓட்டுநர் பள்ளி நடத்தும் அவளை அந்த வட்டாரத்தில் எல்லோரும் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்கு! பிரேக்கு!" என்று அவள் போடும் சத்தத்தில், தெருமுனை மருந்துக் கடைக்காரர்கூட ஒருமுறை சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். லாரிக்கே அசராத மனுஷி, தபால் உறையைக் கண்டால் மட்டும் வெலவெலத்துப் போவாள்.

எல்லாம் கார்க் கடன் செய்த வேலை. புருஷன் இறந்த மறுவருஷம் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி, சொந்தமாகக் கார் எடுத்தாள். கணுக்கால் முறிந்து கிடந்தபோது நான்கு தவணை தவறியது. அதற்கப்புறம் ஒரு மாதம்கூடப் பிசகவில்லை. வங்கியிலிருந்து பணம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் கடிதங்கள் விட்டபாடில்லை. "தங்கள் கணக்கு எங்கள் ஏட்டில் முடிக்கப்பட்டது" என்றது அந்த நிறுவனம். பெயரே கேள்விப்படாத இன்னொரு நிறுவனமோ, "இதுவரை ஒரு தவணையும் வரவில்லை, இது இறுதி அறிவிப்பு" என்றது. போதாக்குறைக்கு ஒரு வழக்கறிஞர் அலுவலகம், எதற்கும் பொருந்தாத ஒரு தொகையைப் போட்டுப் பதினான்கு நாள் கெடு வைத்தது.

கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், அவளுடைய அண்ணி வந்தாள். தபால் பிரிக்கும் கூடத்தில் இருபது வருஷ வேலை அவளுக்கு.

"உண்மையைச் சொல்லு. ரெண்டு கடன் வாங்குனியா?"

"ஒண்ணுதான் அண்ணி. இவங்க எழுதுறதைப் பார்த்தா எனக்கே சந்தேகமா இருக்கு."

கடிதங்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினார்கள். அண்ணி மண்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"மேல கொட்டை எழுத்துல இருக்கிற நம்பரை விடு. கீழ பொடி எழுத்துல மூலக் கணக்குன்னு போட்டிருக்கான் பாரு. மூணுலயும் ஒரே நம்பர்டி!"

பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பழைய நிறுவனம் கடனை மற்றவனுக்குக் கைமாற்றிவிட்டது. 'முடிக்கப்பட்டது' என்றால் அவ்வளவுதான் அர்த்தம். வழக்கறிஞர் அந்தப் புதியவனின் ஆள். வட்டியும் அபராதமும் சேர்த்துத் தொகையை ஊதிவிட்டிருக்கிறார். இவள் பணமோ இன்னும் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

பிரேக்கக்கா வங்கிப் புத்தகத்தைப் பாய்ந்து எடுத்தாள். தவணைகளை எண்ணினாள். கைமாறியபோது பாக்கி ஒன்பது தவணை. அதற்குப் பின் அவள் கட்டியது பதினொன்று.

"அப்போ நான் தர வேண்டியது..."

"நீ எங்கே தரணும்? அவங்கதான் உனக்குத் தரணும்!"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.

மறுநாள் புதிய நிறுவனத்தின் அலுவலகம் திறக்கும்முன்பே நான்காவது மாடியில் போய் நின்றார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் தலையே தூக்கவில்லை.

"பழைய கம்பெனிக்குக் கட்டினதுக்கு நாங்க பொறுப்பில்லைம்மா."

பிரேக்கக்கா அந்த நிறுவனமே அனுப்பியிருந்த கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் விரல் வைத்தாள். கைமாற்றத்துக்குப் பின் வரும் தொகை முழுவதும் புதிய நிறுவனத்துக்கே சேரும் என்று அங்கே அச்சிட்டிருந்தது.

"கீழ இருக்கிறது உங்க முத்திரைதானே சார்?"

அவர் கடிதத்தோடு எழுந்து உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்து மேலாளரே வெளியே வந்தார். பழைய நிறுவனத்திலிருந்து பதினொரு தவணையும் வந்திருக்கிறது. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் ஓரமாகக் கிடந்திருக்கிறது.

"தப்பு எங்க பக்கம்தான்மா. கடன் தீர்ந்துடுச்சு. நீங்க நிம்மதியா போகலாம்."

"வாயால சொன்னா எப்படி சார்? இத்தனை நாளும் பேப்பர்லதானே பயமுறுத்துனீங்க? பேப்பர்லயே குடுங்க."

காத்திருந்தவர்களில் யாரோ கை தட்டினார். மேலாளர் சிரித்துவிட்டார்.

கையெழுத்தும் முத்திரையுமாக வந்த அந்த ஒற்றைத் தாளை லிஃப்டில் நின்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். பாக்கி எதுவுமில்லை, வழக்கு எதுவுமில்லை, கார் முழுக்க அவளுடையது. படித்த சுவாரசியத்தில் கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்த மறந்து, ஏழாவது மாடிவரை போய்த் திரும்பினார்கள்.

அதிகமாகக் கட்டிய இரண்டு தவணையும் பன்னிரண்டாம் நாள் கணக்கில் வந்து விழுந்தது. அந்த வாரமே அண்ணியோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் ஆளுக்கொரு பை நிறையத் தங்கள் கடன் கடிதங்களோடு பிரேக்கக்கா வீட்டுக்கு வந்தார்கள். அவள் நாற்காலிகளை ஓரம் தள்ளி, தரையைக் காலிசெய்தாள்.