டிவி தின்ற ஓரம்

காதர் இருந்தான். முன்பு உத்தமபாளையத்தில் டிவி கேம் கடை வைத்திருந்தவன். இப்போது அதே இடத்தில் செல்போன் கடை; நாங்கள் கூடியிருந்தது அங்கேதான். அவன் மகள் நஸீமா இருந்தாள். கோயம்புத்தூரில் வேலை, லீவுக்கு வந்திருந்தாள். ஆரோக்கியம் இருந்தார். எங்கள் கேம் கடையில் அவரை ஜெயித்த ஆள் கிடையாது. நான் இருந்தேன். டிவி மெக்கானிக். அந்தக் கடையின் மூன்று டிவிகளும் என் பொறுப்பு.

நஸீமா லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். பழைய கேம் மாதிரி ஒரு படம், அவளே கட்டம் கட்டமாக வரைந்தது. காடு, பாலம், துப்பாக்கியோடு ஓடும் ஆள், வலது மூலையில் எத்தனை உயிர் மிச்சம் என்கிற எண். பழைய கேம் பிரியர்களுக்கு ஒரு குழு இருக்கிறதாம். அதில் மூன்று தடவை போட்டிருக்கிறாள். "என்னமோ குறையுது" என்றார்களாம். என்ன குறை என்று ஒருவரும் சொல்லவில்லை.

"நீங்கள்லாம் ஆடுன ஆளுக. நீங்களும் சொல்லலைன்னா இத அழிச்சுட்டு வேற வேலையப் பாக்கப்போறேன்" என்றாள். ஆறு மாத உழைப்பு.

"சூப்பரும்மா" என்றான் காதர். அவள் கோணல் கோடு போட்டாலும் அவனுக்கு சூப்பர்தான்.

"நாம ஆடுனது இது இல்லையே" என்றார் ஆரோக்கியம்.

அவள் முகம் வாடிவிட்டது. "மாமா, நீங்க?"

"நல்லாருக்கு."

"அத்தா சொன்னதையே நீங்களும் சொல்றீக. எங்கன தப்பு, அதச் சொல்லுங்க."

எனக்குப் பேச்சு வராது. எட்டாவதோடு நின்றவன். கஸ்டமரிடம் நான் அதிகம் பேசியது "நாளைக்கு வாங்க" என்பதுதான். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருந்தது. நாலு ஓரமும் தெரிந்தது. அதுதான் உறுத்தியது.

எங்கள் டிவிகளில் ஓரம் தெரியாது. கரண்ட் குறைந்தால் படம் சுருங்கி, சுற்றிலும் கறுப்பு தெரியும். கறுப்பைப் பார்த்தால் டிவி போச்சு என்பார்கள். அதனால் படத்தைக் கொஞ்சம் அகட்டியே வைப்பேன். அகட்டியதில் மூலையில் இருந்த உயிர்க்கணக்கு டிவியின் சட்டத்துக்குள் மறைந்துவிட்டது. மூன்று டிவியிலும்.

ஆகவே கணக்கை நான் வைத்துக்கொண்டேன். ஆரோக்கியம் திராட்சைக்கு மருந்து அடித்துவிட்டு நேராக வருவார். கடை முழுக்க மருந்து வாசம். மருந்தில் கலக்கும் மயில்துத்தம் பட்டு விரலெல்லாம் நீலம். அவர் ஆடிய பின் கேம் பிடியும் நீலம். "அண்ணே, எத்தன உயிரு?" என்பார், திரும்பாமலே. "ரெண்டு" என்பேன். பல வருடம் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஒருநாள் ஈயம் பற்றவைக்கிற புகையில் கண் எரிந்து கணக்கு தப்பிவிட்டது. இன்னும் ஒன்று இருக்கிறது என்றேன். கடைசிப் பாலத்தில் தைரியமாகத் தாவினார். ஆட்டம் முடிந்தது. "இருக்குன்னு சொன்னீகளேண்ணே!" அப்புறம் ஒரு வாரம் கடைக்கு வரவில்லை; உத்தமபாளையத்தில் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை.

இதைச் சொன்னேன்.

"இன்னும் ஆறலண்ணே" என்றார் ஆரோக்கியம்.

"ஏலே, நீதானா அது? நான் இத்தன வருசமா கேசட்டுல கோளாறுன்னுல்ல நெனச்சேன்!" என்றான் காதர்.

நஸீமா சிரிக்கவில்லை. பேப்பர் எடுத்தாள். "அப்ப அந்த நம்பர உள்ள தள்ளணுமா மாமா?"

"தள்ளாத. ஓரத்தோட வெட்டிரு."

"வேற?"

வேறு வந்தது. ஓடும் ஆளின் சிவப்புச் சட்டை பக்கத்துக் கட்டத்தில் கசிய வேண்டும். ஸ்பீக்கர் காந்தம் இருக்கும் பக்கம் வானம் ஊதாவாக வேண்டும். கறுப்பு சாம்பலாக வேண்டும். கீழிருந்து மேலே ஒரு மங்கல் பட்டை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் பாலத்தின் மேல் புள்ளி மழை. கண்ணாடியின் வளைவில் ஆடுகிறவர் முகம்.

இதையெல்லாம் குறை என்றுதான் டிவியை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதைச் சரிசெய்துதான் நான் சாப்பிட்டேன். இப்போது வரும் டிவியில் இந்தக் குறை ஒன்றுகூட வராது. கெட்டால் உள்ளே இருக்கும் போர்டை மாற்றிவிடுகிறார்கள்.

சொல்லிக்கொண்டே போனேன். நானா பேசுகிறேன் என்று எனக்கே இருந்தது. பேப்பரின் மறுபக்கமும் நிறைந்தது. அழிக்கிற பேச்சை நஸீமா எடுக்கவில்லை. எத்தனை திருத்த வேண்டும் என்று மேலிருந்து விரல் வைத்து எண்ணினாள்.

பதினேழு.