அணைக்கக் கூடாத வண்டி

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, முப்பத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நிதானம் டிப்போவை விட்டுக் கிளம்பினார். தொற்றுநோய் பரவுவதால் நள்ளிரவு முதல் எல்லாம் மூடல், பஸ் ஓடாது, ஆள் நடமாடக் கூடாது என்று காலையில்தான் அறிவித்திருந்தார்கள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் பையும் மூட்டையும் பிளாஸ்டிக் வாளியுமாக டிப்போ வாசலில் வந்து குவிந்துவிட, அவர்களுக்கென்று மூன்று ஸ்பெஷல் வண்டிகள் விட்டார்கள். நிதானத்தின் வண்டி மூன்றாவது.

நிதானம் அவருடைய பெயரல்ல. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்த வண்டியையும் முந்தியதில்லை என்பதால் டிப்போ வைத்த பெயர். கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அவர் பெண்டாட்டியே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

டிரைவர் ஜன்னலருகே எம்பி நின்று டிப்போவில் பேட்டரிகளைக் கவனிக்கும் பேட்டரிக்காரர் சொன்னார்: "மச்சான், இதுல இருக்கறது செத்த ஜோடி. போய்ட்டுத் திரும்பற வரைக்கும் எஞ்சினை அணைச்சிடாதே."

"தெரியுது, தெரியுது. சாவியில சிவப்பு டேப் சுத்தியிருக்கியே. கட்டிக்கிட்டவகூட இவ்வளவு கண்டிஷன் போட மாட்டா."

"பத்து மணிக்குள்ள வந்துடுவே இல்ல?"

"ஓட்டறது யாரு? பன்னிரண்டு ஆகும்."

வண்டி வளைந்து வெளியே போனது. பேட்டரிக்காரர் கையை வேஸ்ட்டுத் துணியில் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பிவிட்டார். வழியனுப்புகிறோம் என்ற எண்ணமே இல்லை. நாள் தவறாமல் போய் வருகிற ஆளை யார் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

சிவப்பு டேப் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த டிப்போவில் வண்டிகள் அறுபத்து நாலு. நல்ல பேட்டரி ஜோடி நாற்பதுகூடத் தேறாது. புதிது கேட்டு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வரும்: 'பரிசீலனையில்'. ஆகவே பேட்டரிக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். விடியற்காலை கிளம்புகிற வண்டிகளுக்கு நல்ல ஜோடியைப் போடுவார். பகலில் கிளம்பி, வழியில் எங்கும் எஞ்சினை அணைக்காமல் திரும்பிவிடுகிற வண்டிகளுக்குச் செத்த ஜோடி. டிப்போவில் இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டு உசுப்பிவிட்டால் போதும், ஓடுகிற வரைக்கும் ஓடும். அணைத்தால்தான் வம்பு. டிரைவருக்கு அடையாளம், சாவியில் ஒரு சுற்று சிவப்பு டேப். காகிதத்தில் இதெல்லாம் குற்றம். ஒவ்வொரு பேட்டரிக்கும் வண்டி எண் உண்டு, மாற்றவே கூடாது. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தார். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும் என்று டிப்போ மேஸ்திரி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். ஆனால் மாற்றாவிட்டால் காலையில் பாதி வண்டி கிளம்பாது என்பது மேஸ்திரிக்கும் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகலில் நிதானத்தின் வண்டியிலிருந்து நல்ல ஜோடியைக் கழற்றி, மறுநாள் விடியற்காலை நாலு நாற்பது வண்டியில் போட்டார். கை பழக்கம். மறுநாள் விடியற்காலை எந்த வண்டியும் போகாது என்பது அறிவிப்பைக் கேட்ட காதுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

இரவு பன்னிரண்டுக்கு நிதானம் வரவில்லை. எல்லையில் மூன்று வண்டிகளையும் நிறுத்திவிட்டார்களாம். ஆட்கள் இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள், வண்டிகளுக்குத் திரும்ப அனுமதி இல்லை என்று செய்தி வந்தது. புதன்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் வழிவிட்டார்கள். இரண்டு வண்டிகள் வந்து சேர்ந்தன. மூன்றாவது வரவில்லை.

"அவனுக்கு மட்டும் பெர்மிஷன் தரலையாம்," என்றார் மேஸ்திரி. "செக்போஸ்ட்ல யாரோ ஒருத்தர் போன்லேர்ந்து அவனே பேசினான். பேப்பர்ல ஏதோ தப்பாம்."

திரும்பி வந்த டிரைவர்கள் இருவரையும் பதினாலு நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று பூட்டிவிட்டார்கள். பேட்டரிக்காரர் அவர்களில் ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டார். "எங்களைத் துரத்தி விட்டாங்க அண்ணே, திரும்பிப் பார்க்க விடலை. நிதானம் வண்டிக்குள்ளே உட்கார்ந்திருந்தாரு. கையைக் காட்டினாரு, போங்கன்னு."

"வண்டி ஓடிட்டு இருந்துச்சா? அணைஞ்சிருந்துச்சா?"

"அதையெல்லாம் யார் பார்த்தா அண்ணே?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவருடைய தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அனுமதி இல்லாததால் வண்டி நிற்கிறதா, கிளம்பாததால் நிற்கிறதா? நிதானத்தின் எண்ணுக்கு எத்தனை முறை அடித்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது அந்தப் பெண் குரல். நிதானம் டிப்போவுக்குப் பேசியிருக்கிறார். வீட்டுக்கும் ஒருமுறை பேசியிருக்கிறார். தன்னை மட்டும் கூப்பிடவில்லை. கோபமாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்.

நான்காம் நாள் நிதானத்தின் மனைவி டிப்போ வாசலுக்கு வந்தாள். முந்தானையால் வாயை மூடியபடி கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அண்ணா, மத்த ரெண்டு வண்டியும் வந்துடுச்சே. இவர் வண்டிக்கு மட்டும் என்னண்ணா?"

"பெர்மிஷன்தாம்மா. வந்துடும்."

"வேற ஒண்ணும் இல்லையே? வண்டியில ஏதாவது கோளாறு?"

"சேச்சே. வண்டி நல்லாத்தான் இருக்கு. நானே பார்த்து அனுப்பினேன்."

அவள் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டல் அவரைச் சாட்டையால் அடித்தது.

அன்று மத்தியானம் மேஸ்திரியின் அறைக்குப் போனார். "ஒரு தடவை பிரேக்டவுன் வேனை எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்துடட்டுமா? ஊரடங்குல வெளிய போக என்கிட்டதான் பாஸ் இருக்கே."

"பிரேக்டவுன்னு யாருய்யா சொன்னது? பெர்மிஷன் இல்லைன்னு அவனே சொல்லிட்டான். வேன் வெளிய போகணும்னா என்ன ரிப்பேர்னு எழுதித் தரணும். என்ன ரிப்பேர்?"

பேட்டரிக்காரர் வாயைத் திறந்தார். மெமோ நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார். "ஒண்ணும் இல்லை," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பிறகு எத்தனையோ நாள் அந்த அறையின் வாசல்படியில் மறுபடி மறுபடி ஏறி, வேறு பதிலைச் சொல்லிப் பார்த்திருக்கிறார், மனசுக்குள்.

நிதானம் ஒன்பது நாள் வண்டியிலேயே இருந்தார். செக்போஸ்டில் காத்துக் கிடந்த கூட்டத்தில் யாரிடமிருந்தோ நோய் தொற்றிக்கொண்டது. பத்தாம் நாள் காய்ச்சல். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்தொன்பதாம் நாள் போய்விட்டார். உடலைத் தரவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஐந்து வாரம் கழித்து அவருடைய பொருள்கள் ஒரு மஞ்சள் உறைக்குள் வந்தன, திறக்க வேண்டாம் என்று ஒட்டிய சீட்டுடன். அவள் அதைத் திறக்காமல் பரணில் போட்டுவிட்டாள்.

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க, பேட்டரிக்காரர் மட்டும் தினமும் காலை டிப்போவுக்குப் போனார். நிற்கிற வண்டி கெட்டுப்போகும், தினம் ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்பது உத்தரவு. ஒரு வண்டி, பத்து நிமிஷம், அடுத்த வண்டி. ஜன்னல்களில் தூசி படிந்து, சீட்டுகளில் எப்போதோ உட்கார்ந்து எழுந்தவர்களின் பள்ளம் அப்படியே இருந்தது. அந்த நாலு நாற்பது வண்டி மட்டும் சாவியைத் தொட்டாலே பாதிச் சுற்றில் உறுமிக்கொண்டு எழும். எங்கும் போகாத வண்டிக்கு அப்படி ஒரு ஜோடி.

ஒன்பதாவது வரிசையின் கடைசியில், நிதானத்தின் வண்டி நிற்கிற இடம் காலியாக இருந்தது. முதலில் அதைத் தாண்டிப் போய்விடுவார். நிதானம் இறந்த செய்தி வந்த மறுநாள், ஏன் என்று தெரியாமல், அங்கே போய் நின்றார். பத்து நிமிஷம். பிறகு தினமும்.

வாட்ச்மேன் முதலில் கேலி செய்தார். "என்ன அண்ணே, அந்த வண்டி ஸ்டார்ட் ஆகிடுச்சா? புகையே காணோம்." நாலைந்து நாள் பார்த்துவிட்டு அவரும் கேலியை நிறுத்திக்கொண்டார். அந்தப் பத்து நிமிஷமும் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

ஒரு நாள் அப்படி நிற்கும்போது உள்ளங்கால் அதிர்ந்தது. வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது வருகிற அதிர்வு அவருக்குத் தெரியாததா? சுற்றிப் பார்த்தார். எல்லா வண்டியும் அணைந்திருந்தது. குனிந்து தரையைத் தொட்டார். பல வாரமாக வண்டியே நிற்காத இடத்தில் எண்ணெய்க் கறை ஈரமாக, விரலில் கறுப்பாக ஒட்டியது.

"மழை கிளறி விட்டிருக்கும் அண்ணே," என்றார் வாட்ச்மேன். மழை எப்போது பெய்தது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறவங்ககூட தெளிவா வர்றாங்க," என்றாள் பேட்டரிக்காரரின் மனைவி. "நீங்க பஸ்ஸைப் பார்க்கப் போய்ட்டுப் பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க. அங்க என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. அதான்."

சோற்றில் கை வைப்பார், பிசைவார், எழுந்துவிடுவார். தூங்கும்போது வலது கை மட்டும் சாவி திருகுகிற மாதிரி அசைகிறது என்று அவள் தன் தங்கையிடம் போனில் சொல்லி அழுதாள்.

ஊர் மெல்லத் திறந்தபோது நிதானத்தின் வண்டியை இழுவை வண்டியில் கட்டி இழுத்துவந்து, ஒன்பதாவது வரிசையின் கடைசியில் விட்டார்கள். ஆட்கள் விலகும்வரை காத்திருந்து பேட்டரிக்காரர் பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. வயர்களை அறுத்து, இரண்டு பேட்டரிகளையும் யாரோ திருடிப்போயிருந்தார்கள். அவருக்குப் பதில் சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த ஜோடிதான். மூடியைச் சாத்தினார். நிம்மதி மாதிரி ஏதோ ஒன்று வந்தது. அது வந்ததற்காகத் தன்னையே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

நிதானத்தின் மனைவிக்கு டிப்போ அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். தினமும் பேட்டரிக்காரரைப் பார்ப்பாள். "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்பாள். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே வருவார். "ஆச்சும்மா," என்று சொல்லிவிட்டுப் போவார். தெரியாத ஒன்றை என்னவென்று சொல்வது என்று சமாதானம் செய்துகொள்வார். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீடு மாற்றுவதற்காகப் பரணை ஒழித்தபோது, நிதானத்தின் மகள் அந்த மஞ்சள் உறையைப் பிரித்தாள். உள்ளே கைக்கடிகாரம், ஒரு சட்டை, போன். போனுக்குச் சார்ஜ் போட்டாள். பத்து மணிக்குப் பேட்டரிக்காரருக்கு அவளுடைய எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

'மாமா, இது அப்பா உங்களுக்குப் பேசினது. போகாம போன்லயே நின்னுடுச்சு. தேதி அந்தப் புதன்கிழமை. நானும் அம்மாவும் கேட்டுட்டோம். அம்மா உங்களுக்கு அனுப்பச் சொன்னாங்க.'

கீழே ஒலிப்பதிவு. ஒரு நிமிஷம் நாலு விநாடி. அவர் அதை அழுத்தினார்.

"மச்சான், நான்தான். இங்க சிக்னல் வந்து வந்து போகுது, எப்ப போகுதோ போகட்டும். நேத்து ராத்திரி ஒரு போலீஸ்காரர் வந்து சத்தம் தாங்கலை, அணைன்னாரு. அணைக்கக் கூடாது சார்னேன். லத்தியால ஜன்னல்ல ஒண்ணு வச்சாரு பாரு, அணைச்சுட்டேன். அவ்வளவுதான், உன் ஜோடி படுத்துடுச்சு. நாலு பேர் தள்ளினா கிளம்பிடும். ஆனா நாலு பேர் ஒண்ணா சேரக் கூடாதாம். என்ன கூத்து பார்த்தியா? மத்த ரெண்டு பேரையும் போகச் சொல்லிட்டேன். நானும் அவங்களோட வந்திருக்கலாம். வண்டியை விட்டுட்டு வந்தா ஏன்னு எழுதிக் கொடுக்கணும், உன் தலைதான் உருளும். அதான் டிப்போல பெர்மிஷன் இல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன். வீட்டுலயும் அதேதான். நீயும் அப்படியே சொல்லு, மாத்திச் சொல்லிடாதே. உன்கிட்ட பாஸ் இருக்கில்ல? கேபிளை எடுத்துட்டு எப்படியாவது வந்துடு மச்சான். பதறாம வா. நான் வண்டியிலதான் இருக்கேன்."