ஹந்தானையில் நான் சொன்ன பொய்

கண்டியில் நடந்த தாய் சேய் நல மாநாட்டுக்கு எங்கள் பகுதியிலிருந்து என்னை அனுப்பினார்கள். நாவலப்பிட்டிப் பக்கத்தில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவமாது நான். தேயிலைத் தோட்டத்துத் தாய்மாரின் இரத்தச்சோகை பற்றி ஒரு வருடமாக விவரம் சேர்த்து எழுதி அனுப்பியிருந்தேன். அதைச் சுவரொட்டியாக்கித் தாழ்வாரத்தில் ஒட்டச் சொன்னார்கள். தேநீர் இடைவேளையில் அதன் முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் என்னிடம் கழிவறைக்கு வழி கேட்டார்கள்.

மேடை கிடைத்தது என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவளுக்கு. யாழ்ப்பாணத்துக்காரி. என் வயது, என் உத்தியோகம். காகிதத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் பேசினாள். கேள்வி நேரத்தில் ஆறு பேர் கை உயர்த்தினார்கள், எண்ணிப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிடும்போதும் அவள் எழுதியதில் அப்படி என்ன இருக்கிறது என்று மனதுக்குள் அரைத்துக்கொண்டே இருந்தேன். கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டாவது நிம்மதியாக இருந்திருப்பேன். காலையில் எனக்கும் சேர்த்துப் பால் கலக்காத பிளேன்டீ ஊற்றி வைத்தவள் அவள்.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஊர் சுற்றிக்காட்ட பஸ் ஒழுங்கு செய்திருந்தார்கள். முதலில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை. பள்ளிக்கூட நாளிலிருந்து நான் எத்தனையோ தடவை வந்த இடம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அவளைச் சுற்றியே நடந்தார்கள். செருப்பு எங்கே வைப்பது, பூ எங்கே வாங்குவது என்று அவளிடம் கேட்டார்கள். அவள் திரும்பி என்னிடம் கேட்டாள். நான் சொன்னதை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். நன்றி அவளுக்குப் போனது.

அடுத்தது ஹந்தானை மலையில் உள்ள தேயிலை அருங்காட்சியகம். பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைத்தான் அப்படி மாற்றியிருக்கிறார்கள். உள்ளே போய் அந்தப் பெரிய இயந்திரங்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. தோட்டத்தில் வளர்ந்தவள் நான், இங்கேயாவது என்னைக் கேட்பார்கள்.

கேட்கவும் செய்தார்கள். நேபாளத்திலிருந்து வந்திருந்த மூத்த பெண் மருத்துவர் ஒருவர், கொழுந்தை எப்படி வாட்டுவார்கள் என்று என்னிடமே கேட்டார். நான் தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலம் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துக்காரி உதவிக்கு வந்தாள். என்னைக் காட்டி, இவருடைய அம்மா ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் என்றாள். முதல் நாள் இரவு அறையில் நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் சொன்ன விதத்தில் மருத்துவரின் முகம் மாறியது. "அப்படியா?" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இல்லை," என்றேன் நான். "அது பக்கத்து வீட்டு அம்மா. என் அப்பா கடை வைத்திருந்தார்."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மருத்துவரிடம், தான்தான் தவறாக விளங்கிக்கொண்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

மேல் மாடியில் தேநீர் கொடுத்தார்கள். அவள் தன் கோப்பையோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நான் சொல்ல வேண்டியத நீங்க சொல்லிட்டீங்க."

கோப்பையை மேசையில் வைத்தாள். "அது பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா ரெண்டு நாளா நீங்கள் ஒருத்தரோடயும் வாய் திறக்கேல்லையே."

"என்கிட்ட யாரு கேட்டாங்க? எல்லாம் உங்ககிட்டத்தான கேட்டாங்க."

"உங்களுக்கு என்னில கோவமோ?"

"கோவமில்ல. பொறாமை," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "பஸ்ஸில அந்த டொக்டருக்குப் பக்கத்தில நீங்கள் இருங்கோ. நான் பின்னால போறன்," என்றாள்.

இறங்கும் வழியெல்லாம் மருத்துவரிடம் தட்டுத்தடுமாறிப் பேசினேன். பொய் சொன்னேன் என்றேன். அம்மாவின் கைவிரல்கள், மழையிலும் கொழுந்து பறிக்க மலைக்குப் போனது, என்னைப் பெற்றபோது உடம்பில் இரத்தம் இல்லாமல் மயங்கி விழுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அதனால்தான் இந்த ஆய்வா என்று கேட்டார். அதுவரை நான் அப்படி யோசித்ததே இல்லை. மறுநாள் காலையில் அவர் என் சுவரொட்டி முன்னால் வெகுநேரம் நின்று வாசித்தார்.

அன்று மாலை சிறந்த உரைக்கான பரிசு அவளுக்குக் கிடைத்தது. நானும் கை தட்டினேன். நெஞ்சு எரிந்துகொண்டேதான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கடக்காரருன்னா சொன்ன?" என்றார். "உங்கப்பா உசிரோட இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு. நாலு நாளு கூட ஒரு கடையில நின்னவரு இல்ல அந்த மனுசன்."

பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்தப் புள்ள நல்ல புள்ளதான். ஒரு நாளைக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா," என்றார்.

நான் இன்னும் கூப்பிடவில்லை.