சாலையைப் பார்த்த காற்றாலை

என் தங்கையின் கணவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மைக்' என்றால்தான் தெரியும். நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் ஐந்தாவதாக வந்து நின்று, அவர்கள் பேசிக்கொண்டிருந்ததை அவர்களுக்கே விளக்கிச் சொல்லும் ஆள். வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே என்று நானும் பல வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன்.

மாட்டுப் பண்ணை அவர் பெயரில் இருக்கிறது. உழைப்பு என் தங்கையுடையது. கறப்பது, சாணி அள்ளுவது, தீவனம் வெட்டுவது, வண்டி வரும்வரை பாலைக் குளிர்தொட்டியில் வைத்துக் காப்பது எல்லாம் அவள்தான். அவர் வெயில் ஏறிய பிறகு எழுந்து வருவார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கொட்டகை வாசலிலேயே நின்று, "எல்லாம் நல்லா இருக்கீங்களா?" என்பார். மாடுகளைக் கேட்கிறாரா, அவளைக் கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பதில் சொல்லும் முன்பே அவர் திரும்பிப் போய்விடுவதால் மாடுகளுக்கும் விளங்கியிருக்காது.

அந்தப் பக்கம் மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும். சின்னதாக ஒரு காற்றாலை வைத்தால் கொட்டகை விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆகும் என்று முதலில் சொன்னது தங்கைதான். அடுத்த வாரமே அது அவருடைய யோசனையாகிவிட்டது. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "நான் காத்துல இருந்து கரண்ட் எடுக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

காற்றாலை மாட்டும் மெக்கானிக் வந்து இடம் பார்த்தபோது நானும் இருந்தேன். கொட்டகைக்குப் பின்னால் நிலம் ஏறி ஒரு மொட்டை மேடாக முடிகிறது. அங்கே போய் நின்றால் சட்டை படபடக்கும். முன்பக்கம் பள்ளம், பெரிய சாலையை ஒட்டி உயரமான மரங்கள் சுவர் வைத்தது போல வரிசையாக நிற்கின்றன.

"மேட்டுலதான் சார் வைக்கணும். கம்பமும் நல்ல உயரமா வேணும்" என்றார் மெக்கானிக்.

"மேட்டுல வச்சா ரோட்டுல போறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்புறம் எதுக்கு வைக்கிறது?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஏங்க, இங்க மரம் காத்த மறைக்குமே" என்றாள் தங்கை.

"காத்து எல்லா எடத்துலயும்தான் இருக்கு. நீ இங்க மூச்சு விடலையா?" என்றார் மாப்பிள்ளை. பதிலடி கொடுத்துவிட்ட பெருமையில் என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார்.

அவர் சொன்னபடியே வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், குட்டைக் கம்பத்தில் காற்றாலை நின்றது. கீழே அவர் பெயர்ப் பலகை, இறக்கையை விட அகலமாக. புயல் மாதிரி காற்று அடித்தால் அரைச் சுற்றுச் சுற்றும். எதையோ மறந்துவிட்ட ஆள் போலத் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நிற்கும். பேட்டரி காலியாகவே கிடந்தது. மின்சாரம் போனால் தங்கை பழையபடி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கறந்தாள். கேட்டவர்களிடம் அவர், "ஜம்முனு ஓடுது" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். பால் உற்பத்தியாளர் சங்கத்துக்குத் தலைவராக வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. தன் காற்றாலையை நேரில் பார்க்க வரும்படி சங்கத்து ஆட்களையெல்லாம் அழைத்தார்.

அவர்கள் வந்த அன்று ஓர் இலை அசையவில்லை. கொடியில் காய்ந்த துணி ஆணி அடித்தது போலத் தொங்கியது. ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே போன நான் அசந்து நின்றுவிட்டேன். காற்றாலை விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

காலையிலேயே அவர் தங்கையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "அவங்க போறவரைக்கும் கொட்டகையில ஒரு மெஷினும் ஓடக் கூடாது. சத்தம் வரும், பேசறது கேக்காது." அவளும் நம்பி, கறந்த பாலைக் கேன்களில் மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

கம்பத்தடியில் நாற்காலிகள், மேசை மின்விசிறிகள். மாப்பிள்ளை எழுந்து பேச ஆரம்பித்தார். இயற்கை என்றார், எதிர்காலம் என்றார், தன் தொலைநோக்கு என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் நெளிந்தார்கள். பேச்சு முடிகிற பாடாக இல்லை. கேனைத் தொட்டுப் பார்த்த தங்கை, இதற்கு மேல் வைத்தால் பால் திரிந்துவிடும் என்று குளிர்தொட்டியின் சுவிட்சைப் போட்டாள்.

பட்டென்று ஃபியூஸ் போனது. மின்விசிறிகள் நின்றன. கூடவே காற்றாலையும் தயங்கித் தயங்கி நின்றது.

சங்கத்து ஆட்களோடு வந்திருந்த பால் வண்டி டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏண்ணே, கரண்ட் போனா காத்தாலையும் நின்னுடுமா?"

"அது பாதுகாப்பு ஏற்பாடு. தானா நிக்கும்" என்று சப்பைக்கட்டு கட்டினார் மாப்பிள்ளை.

"அப்போ காத்தே இல்லாம சுத்துச்சே, அது என்ன ஏற்பாடு?"

அதற்குள் என் தங்கை, விவரம் ஏதும் தெரியாமல், குளிர்தொட்டியை அணைத்துவிட்டு ஃபியூஸை மாற்றிவிட்டாள். மின்விசிறிகள் சுற்றின. அசையாத மரங்களுக்கு நடுவே காற்றாலையும் உற்சாகமாகச் சுற்ற ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் நாற்காலியோடு சாய்ந்தார். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை.

கொட்டகைச் சுவரிலிருந்து வேலியோரமாக ஒரு வயர் கம்பத்துக்குப் போவதை அப்புறம்தான் பார்த்தேன். ஒரு வயரிங்காரரைப் பிடித்து இறக்கைக்குப் பின்னால் மோட்டார் மாட்டியிருக்கிறார். காற்றிலிருந்து கரண்ட் எடுக்கிறேன் என்ற மனிதர், பாலுக்குப் போக வேண்டிய கரண்டை எடுத்துக் காற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகாவது தலைகுனிவார் என்று எதிர்பார்த்தேன்.

"மெஷினப் போடாதன்னு சொன்னேன்ல? உன்னாலதான் மானம் போச்சு" என்று தங்கை மீது பாய்ந்தார்.

அவள் அவரையும் பார்த்தாள், வயரையும் பார்த்தாள். கத்தவில்லை. "பால் பாதி வீணாப் போச்சுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அந்த வாரமே காற்றாலை மேட்டுக்கு ஏறியது, உயரமான கம்பத்தில். இப்போது கொட்டகை விளக்கு அணைவதில்லை. காற்றுள்ள நாளில் தண்ணீர்த் தொட்டியும் தானே நிறைகிறது. பெயர்ப் பலகையைக் கன்றுக்குட்டிக்குத் தடுப்பாக வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. வெட்கம் என்று நினைத்து எனக்கே இரக்கம் வரப் பார்த்தது. பிறகு பக்கத்து ஊர் விவசாயிகள் கூட்டத்தில் அவர் பேசுவதைக் கேட்டேன். "பள்ளத்துல வச்சு ஆராய்ச்சி பண்ணினேன். அப்புறம் மேடுதான் சரின்னு நானே கண்டுபிடிச்சேன்." கை தட்டினார்கள். என்னைப் பார்த்தார், கண்கூடச் சிமிட்டவில்லை. இறங்கி வந்து, "எப்படி மச்சான்?" என்று வேறு கேட்டார்.

நேராகத் தங்கையிடம் போய்ச் சொன்னேன். மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அடுத்த கூட்டம் எங்கயாம்ணா?"

"ஏன்?"

"தூரமா இருந்தா நல்லது. அவரு இல்லாத அன்னிக்கு மாடு ரெண்டு லிட்டர் கூடக் கறக்குது."