விளக்கு நின்று எரிய வேண்டும்

வயர் இல்லாத ஊஃபர் மாட்டுகிறவன் ஆயுளில் பாதி, ஒரு சின்ன விளக்கு மினுக்குவதை எப்போது நிறுத்தும் என்று பார்ப்பதிலேயே போய்விடுகிறது. உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து புலம்பலாம். மற்றவர்களுக்கு: டிவிக்குக் கீழே நீளமாக சவுண்ட்பார், அறை மூலையில் 'தம் தம்' என்று அதிர்கிற ஊஃபர் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் வயர் கிடையாது. பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுக்கும். ஒன்றை ஒன்று கண்டுபிடித்துவிட்டால் நின்று எரியும். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஓர் இடத்தில் நின்றால் கால் குறுகுறுக்கும்.

அந்த மாதம் நான் மாட்டிய இரண்டு பெட்டிகள் தர்மபுரியில் இருக்கும் எங்கள் கடைக்கே திரும்பி வந்துவிட்டன. முதலாளி சொல்லிவிட்டார்: "மூணாவது ஒண்ணு திரும்பி வந்துச்சுன்னா, நீ குடோன்லயே உக்காந்துக்க." ஜன்னல் இல்லாத குடோனை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

பொட்டு வைத்த பெட்டி

பாலக்கோடு பக்கம் ஒரு விவசாயி வீடு. பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, பைக்கில் மறந்த ரிமோட் பேட்டரியை எடுக்க ஓடினேன். திரும்புவதற்குள் அந்த வீட்டு அம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டி முடித்திருந்தார். பொத்தானை அழுத்துகிறேன், விளக்கே இல்லை. பிளக்கை மாற்றினேன், பெட்டியைக் கவிழ்த்தேன், வேர்த்துக் கொட்டியது. மூன்றாவது பெட்டி இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கடைசியில் பாட்டைப் போட்டால் பெட்டி நன்றாகவே அதிர்ந்தது; பார்த்தால் விளக்கின் மேலேயே கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். துடைக்கத் துணியை எடுத்தேன். அந்த அம்மா குறுக்கே வந்து நின்றார். "புதுச் சாமானுங்க, பொட்டை அழிக்கக் கூடாது. பாட்டு வருதில்ல, வெளக்க வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

பொம்மிடியில் பெருமை

தண்டவாளத்தை ஒட்டிய வீடு. பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். சுவர் அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஆடின. வீட்டுக்காரர் என் தோளைத் தட்டிவிட்டு, மாட்டியாச்சு என்கிற சீட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அதற்குள் சரக்கு ரயில் போய் முடிந்துவிட்டது. டம்ளர்களும் அடங்கிவிட்டன.

பேனாவை மூடிவிட்டார். ஒரு மணி நேரம் கெஞ்சித்தான் கையெழுத்து வாங்கினேன். "சரி, வெச்சுட்டுப் போங்க. ஆனா ரயில் வந்தப்ப இருந்த எஃபெக்ட் இதுல இல்லைங்க."

ஒரே சுவர், இரண்டு பெட்டி

மாரண்டஹள்ளியில் அண்ணன் தம்பி இருவர். நடுவில் ஒரே சுவர். பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. ஒருவர் வாங்குவது தெரிந்து மற்றவரும் அதே மாடலை வாங்கிவிட்டார். ஒரே நாளில் மாட்டினேன். தம்பி வீட்டில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது; தானாக நிற்கும் என்று விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அங்கே உடனே நின்று எரிந்தது. பாட்டுப் போட்டுப் பார்க்காமலேயே கிளம்பிவிட்டேன்.

நாலாம் நாள் அண்ணன் போன் செய்தார். "டிவிய நிறுத்தினாலும் இது குத்துதுங்க. பேய்ப் பெட்டி. வந்து எடுத்துட்டுப் போங்க." போய்ப் பார்த்தேன். டிவி இருட்டாக இருக்கிறது, பெட்டி 'தம் தம்' என்று குத்துகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு. என் அவசரத்தில் தம்பி டிவி அண்ணன் பெட்டியோடும், அண்ணன் டிவி தம்பி பெட்டியோடும் சேர்ந்துவிட்டன.

தம்பி வீட்டுக்கு ஓடினேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எனக்கு மொத நாளே தெரியுங்க. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். சொல்லாவிட்டால் மூன்றாவது பெட்டி திரும்பிவிடும். அண்ணனிடம் என் தப்போடு சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இப்போதே மாற்றிவிடுகிறேன் என்று பொத்தானில் விரலும் வைத்துவிட்டேன்.

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இரண்டு குத்துக் குத்திவிட்டு நின்றது. "அதைத் தொடாதீங்க. ரெண்டு வருசமா அவன் வூட்ல இருக்கானா இல்லையான்னே எனக்குத் தெரியாம இருந்துச்சுங்க."

நான் குடோனுக்குப் போகவில்லை. இத்தனை பெட்டி மாட்டியதில் அந்த நாளுக்குப் பிறகு ஒரு குறையும் சொல்லிப் போன் வராதது, தப்பாக மாட்டிய அந்த இரண்டுக்கு மட்டும்தான்.